கக்கத்தில் இறங்கிய துண்டு

பேனர் அடிக்கச் சொல்லி வந்த கோப்பில்தான் முதலில் அதைப் பார்த்தேன். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தலைவர் வருகை, எல்லாமே என் கணினி வழியாகத்தான் இந்த ஊர்ச் சுவர்களுக்குப் போகும். அன்றைக்கு வந்த வேலை புதிதாக இருந்தது. ஜப்பான் கார்ட்டூன் படங்களுக்கு, பிள்ளைகள் இப்போது அனிமே என்று சொல்கிறார்களே, அவற்றுக்குக் கையால் வரைந்த அசல் தாள்களை ஒரு கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் காட்சிக்கு வைக்கிறார்களாம்.

பேனரின் நடுவில் ஒரு பென்சில் படம். வயல் வரப்பில் ஒரு குடியானவன் பாதி குனிந்து நிற்கிறான். அவன் கக்கத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். கீழே பெரிய எழுத்தில் ‘பிழையைக் கண்டுபிடியுங்கள்! பரிசு வெல்லுங்கள்!’ என்று போட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த முழங்கை மடிப்பும், கழுத்து நரம்பும், இடுப்புத்துணிச் சுருக்கமும் என்னுடையவை. பத்தொன்பது, இருபது வருஷம் கழித்துப் பார்த்தாலும் தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா?

பேனரை அடித்துக் கொடுத்தேன். தொழில் தொழில்தான். ஆனால் சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அங்கே போவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அப்பாவையும் அழைத்துக்கொண்டு போவதாக முடிவு செய்தேன். ஏனென்றால் அந்தப் படத்துக்காக என்மேல் மனத்தாங்கலாக இருக்கிற ஒரே ஆள் உலகத்தில் அவர்தான்.

நான் வளர்ந்தது மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால்கரைச் சேரி ஒன்றில். அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். சங்கத்துக்காகச் சுவரில் வெள்ளையடித்து அவர் எழுத்தைப் போட, பக்கத்தில் நான் அரிவாளும் கதிருமாக வரைவேன். வரையக் கற்றுக்கொண்டது அப்படித்தான், அடுத்தவன் சுவரில். பிறகு கும்பகோணத்தில் ஓவியம் படித்து, சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுப் படங்களுக்குக் கூலிக்கு வரைந்து கொடுக்கிற இடம் அது. கூலிக்கு வேலை செய்வது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல என்று அப்பா அப்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த வேலை இப்படித்தான் நடக்கும். ஒருவன் குனிகிறான் என்றால், நிமிர்ந்து நிற்கிற தாளையும் முழுசாகக் குனிந்துவிட்ட தாளையும் ஜப்பானில் வரைந்து அனுப்புவார்கள். நடுவில் அவன் எப்படிக் குனிந்தான் என்பதை நாங்கள் வரைய வேண்டும். கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு எரியும். அதன்மேல் தாள்களை அடுக்கி, இடது கை விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் செருகிப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வரைவோம். முக்கியமானது எல்லாம் அவர்களுடையது, நடுவில் கிடப்பது எங்களுடையது. அதற்கு இன்பிட்வீன் என்று பெயர். படம் ஓடும்போது பார்க்கிறவர்களுக்கு எங்கள் தாள்தான் அதிகம் தெரியும், ஆனால் எங்கள் பெயர் எங்கேயும் வராது.

ஒருநாள் அந்தக் குடியானவன் என் மேசைக்கு வந்தான். முதல் தாளில் கழுத்தில் ஒரு துணியோடு வரப்பில் நிமிர்ந்து நிற்கிறான். ஏழாம் தாளில், குதிரையில் வருகிற பிரபுவுக்கு முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்திருக்கிறான். நடுவில் ஐந்து தாள் என் பங்கு. எனக்கு அது ரொம்பச் சுலபமான வேலையாகத் தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டேன். மேற்பார்வையாளரும் அவசரத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

உறை ஜப்பானிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. என் தாள்களில் சிவப்பு வட்டங்கள். மேற்பார்வையாளர் மேசைமேல் விசிறிப் போட்டுக் கத்தினார்.

“கண்ண எங்கம்மா வெச்சிட்டு வரைஞ்சே? கழுத்துல இருக்க துணி எங்க போச்சு பாரு!”

பார்த்தேன். இரண்டாம் தாளில் அவன் இடது தோள் இறங்குகிறது. மூன்றாம் தாளில் கை மேலே போய்த் துணியைத் தொடுகிறது. நான்காம் தாளில் துணி தோளைவிட்டு வழிகிறது. ஐந்திலும் ஆறிலும் அது சுருண்டு கக்கத்தில் இருக்கிறது. ஏழாம் தாளில், அதாவது ஜப்பான்காரர் வரைந்த தாளில், மறுபடி கழுத்துக்கு வந்துவிடுகிறது.

“துண்டு என்ன, கடைக்குப் போயிட்டுத் திரும்பி வருதா?” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை பேரில் வேறு யாராவது வரைந்திருந்தால் அந்தத் துணி கழுத்திலேயே கிடந்திருக்கும். ஆண்டைக்கு முன்னால் ஒருவன் குனிந்தால் அவன் தோள்துண்டு கக்கத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பது என் கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. என் கை என்னைக் கேட்காமலே அதைச் செய்துவிட்டது. திருத்தி ஐந்து தாளும் புதிதாக வரைந்து கொடுத்தேன். பழையதும் புதியதும் ஒரே உறையில் ஜப்பானுக்குப் போயின.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதை வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துண்டு கடைக்குப் போய்வந்த இடத்தில் அம்மா சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை.

“கக்கத்துலயா?” என்றார்.

“ஆமாப்பா.”

“அதோட வுட்டுட்டியா? அங்கயே நிக்கிறானா அவன்?”

“படம் அவ்வளவுதாம்ப்பா. குனியிறதோட முடிஞ்சிருது.”

அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். “நீயுமாடி எங்கள அங்கயே நிறுத்திட்டு வந்தே?” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, மழை பேஞ்சுதா என்பதோடு சரி. எனக்கும் ரோஷம் உண்டு. நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை. ஸ்டூடியோ மூடிய பிறகு ஊர்ப்பக்கம் திரும்பிக் கடை வைத்ததற்கு மட்டும் “நல்லது” என்றார்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு அப்போதே புரிந்துதான் இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. ஏனென்றால் துண்டு கக்கத்தில் இறங்குவதை எனக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான்.

அப்பா நடிகர். சினிமா நடிகர் இல்லை, சங்கத்து நாடக நடிகர். அறுவடை முடிந்த களத்தில், மாலை வேளையில், நான்கு மூங்கில் நட்டு ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டு நடத்துவார்கள். அப்பா வயதான பண்ணையாள். இன்னொரு தோழர் இரவல் ஜரிகை வேட்டி கட்டிய ஆண்டை. அந்தத் தோழர் பாடு பெரும் பாடு. நாடகம் நடந்த மறுநாள் எங்கள் தெருவில் அவருக்கு யாரும் வெற்றிலைகூடக் கொடுக்க மாட்டார்கள். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. பண்ணையாள் ஆண்டை வீட்டு வாசலுக்குப் போய் நிற்கிறான்.

“அறுப்புக் கூலி அர மரக்கா கூட்டிக் குடுங்க ஆண்டே” என்று ஆரம்பிப்பார் அப்பா. அதைச் சொல்வதற்கு முன்னால் துண்டு இறங்கும். பிடித்து இழுக்க மாட்டார். இடது தோள் தானாகத் தாழும், கை போய்த் தொடும், துண்டு வழிந்து கக்கத்தில் ஒடுங்கும், அதன் பிறகுதான் முதுகு வளையும். உடம்பே கற்றுக்கொண்டதுபோல நடக்கும். பெண்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு அடங்கிவிடும். நான் முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நாடகத்துக்கு இரண்டாம் பாதி உண்டு. மற்றவர்கள் கொடியோடு வந்து பக்கத்தில் நிற்பார்கள். பண்ணையாள் மெதுவாக நிமிர்வான். கக்கத்திலிருந்து துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவார் அப்பா. பட்டாசுபோலச் சத்தம் கேட்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்டையை நேருக்கு நேர் பார்ப்பார். களம் முழுக்க விசில் பறக்கும். மறுநாள் காலையில் எங்கள் தெரு ஆண்கள் தோளில் துண்டோடு ஊர்த் தெரு வழியாக வேலைக்குப் போவார்கள். அங்கேதான் வம்பு.

அது சமத்துவம், சுயமரியாதை என்று மேடைக்கு மேடை முழங்கிய ஆட்சிக் காலம். இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. கூலிக்குச் சட்டம் வந்தது, குடியிருக்கிற மனைக்குச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டமெல்லாம் எங்கள் ஊருக்கு வந்துசேர, கடைமடைக்குத் தண்ணீர் வருவதைவிட அதிக காலம் பிடித்தது. மிராசுதாரர்கள் சிலர் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கு மட்டும் ஆத்திரம் இரட்டிப்பாக இருந்தது. வயலில் கொடி நடுவதும், வெளியூர் ஆளை இறக்கி அறுப்பதும், வழக்கும், அடிதடியுமாகப் போகங்கள் போயின.

ஒரு வருஷம் நாடகத்துக்கு அனுமதி கேட்டுப் போனபோது காவல் அதிகாரி ஒருவர் ரொம்பப் பக்குவமாகச் சொன்னாராம்.

“மொதப் பாதிய ஆடிக்குங்க. அது பழைய காலத்துக் கதை, யாருக்கும் ஆட்சேபணை இல்ல. ரெண்டாவது பாதி வேணாம். அது சட்டம் ஒழுங்குப் பிரச்சன.”

குனிந்தால் கலை, நிமிர்ந்தால் கலவரம். அந்த நியாயத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து முழு நாடகத்தையும் ஆடத்தான் செய்தார். துண்டு கக்கத்தில் இறங்கியது, முதுகு வளைந்தது, “அர மரக்கா” என்று கெஞ்சினார். கொடியோடு ஆட்கள் வரத் தொடங்கிய அந்த நொடியில் ஒரு காவலர் வந்து பெட்ரோமாக்ஸை அணைத்துவிட்டார். கண்ணில் கடைசியாகப் பதிந்தது அப்பா குனிந்திருந்த கோலம்தான். பிறகு இருட்டும், கூச்சலும், லத்திச் சத்தமும். அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினார். இருட்டில் அப்பா நிமிர்ந்தாராம், துண்டை உதறித் தோளில் போட்டாராம். “போட்டேன்டி, சத்தியமா போட்டேன். ஒருத்தரும் பாக்கலியே” என்று அதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் தனியாளாகத் தோளில் துண்டோடு ஊர்த் தெருவில் நடந்துபோனார். அந்தப் போகம் முழுக்க அவரை ஒரு வயலிலும் இறக்கவில்லை. எங்களுக்கு நத்தையும் கீரையும்தான். அதை அவர் ஒரு நாளும் பெரிதாகச் சொன்னதில்லை. ஒருத்தரும் பாக்கலியே என்பதுதான் அவர் குறை.

அப்படிப்பட்டவரிடம் போய்ப் படம் குனிவதோடு முடிந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவருக்கு எரிந்திருக்கத்தான் செய்யும். ஆனால் எனக்கும் ஒரு நியாயம் உண்டு. நான் அந்தத் துண்டைக் கற்பனையில் இறக்கவில்லை. அவர் உடம்பிலிருந்து எடுத்து ஜப்பான் வரைக்கும் அனுப்பியிருக்கிறேன். அதை அவர் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுத் திட்டட்டும் என்றுதான் கிராமத்துக்குப் போய்க் கையோடு அழைத்து வந்தேன். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் ஏறியிருக்க மாட்டார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அப்பா குஷியாகிவிட்டார். மணமக்கள் நாற்காலி போடுகிற மேடையில் பிள்ளைகள் வேஷம் கட்டி நின்றார்கள். நீலத் தலைமுடி, அட்டைக் கத்தி, தரையில் புரளும் அங்கி.

“கூத்தா?” என்று என்னைக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் நீலத் தலைமுடிப் பெண்ணிடம் போய், “கத்திய இன்னும் ஒசத்திப் புடி தாயி. கடைசி வரிசைக்குத் தெரியணும்ல?” என்றார். அந்தப் பெண்ணும் சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு உயர்த்திக் காட்டினாள்.

தாள்கள் சுவரோரம் கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கின. தூக்கிப் போட வேண்டியவை என்று நாங்கள் நினைத்த தாள்களுக்குக் கீழே இன்றைக்கு வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். என் குடியானவனுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். ஒன்று முதல் ஏழு வரை இடமிருந்து வலமாக மாட்டியிருந்தார்கள். கீழே ஒரு சீட்டு. ‘துண்டு எங்கே போனது? பிழை. வரைந்தவர்: தெரியவில்லை.’ பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அய்யோ, துண்டு கக்கத்துக்குப் போயிடுச்சு!” என்று ஒரு சிறுமி கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாள்களுக்கு அருகே போனார். முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாக முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான்காம் தாளில் வெகுநேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இதுவா?” என்றார்.

“இதுதாம்ப்பா.”

“எதுக்குச் சிரிக்கிறாங்க?”

“தப்பா வரைஞ்சிருக்காம். கண்டுபுடிச்சா பரிசு.”

அவர் மீதித் தாள்களைப் பார்க்கப் போய்விட்டார். அது என்னை இன்னும் சூடாக்கியது. தாள்களுக்குச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். சென்னையில் கணினி வேலை. இணையத்தில் ஏலம் எடுத்து எடுத்துச் சேர்த்த தாள்களாம், அதனால் மனசுக்குள் அவருக்கு ஏலக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு தாளைத் தொடுகிற ஆள். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு நான் நல்ல மனிதர்களைத் தேடிப் போகவில்லை.

“அந்தச் சீட்ட மாத்துங்க” என்றேன். “வரைஞ்சது யாருன்னு தெரியும். நான்தான். அது பிழையும் இல்ல.”

அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். “மேடம், இது ஜப்பான்ல பண்ணின படம்.”

“படம் ஜப்பான். கை இந்த ஜில்லா.”

“சரி மேடம், ஆனா எப்படி நம்புறது? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து நான்தான் வரைஞ்சேன்னு சொல்வாங்க. ஏதாவது ஆதாரம் இருக்கா? அதோட, பாருங்க, டைரக்டரே ரெட் மார்க் பண்ணியிருக்காங்க. பிழைன்னு நான் சொல்லலையே.”

ஆதாரமாம். இருபது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மாடி அறையில் இரண்டாயிரம் தாள் வரைந்தவளிடம் ஒரு தாளுக்கு ஆதாரம் கேட்கிறார். எங்கள் மனைக்கு ஆதாரம் கேட்டார்கள், கூலிக்கு ஆதாரம் கேட்டார்கள், இப்போது என் கைக்கும் கேட்கிறார்கள். “குடுக்க முடியாது” என்றேன். “நீங்க வேணா நான் வரையலன்னு நிரூபிங்க.” என் குரல் உயர்ந்துவிட்டது. மேடையில் இருந்த வேஷக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“தள்ளு” என்றார் அப்பா.

என்னிடம்தான் சொன்னார். என்னை ஓரமாக நகர்த்திவிட்டுத் தாள்களுக்கு முன்னால் வந்து நின்றார். தோளில் வழக்கமான சிவப்புத் துண்டு. ஏலக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதான் ஆண்ட. அப்புடியே நில்லு தம்பி” என்றார்.

பிறகு நடந்தது எனக்கு ஐந்து வயதில் தெரிந்த அதே காரியம். இடது தோள் தானாகத் தாழ்ந்தது. கை மேலே போய்த் தொட்டது. துண்டு வழிந்தது, சுருண்டு கக்கத்தில் ஒடுங்கியது. அதன் பிறகு எழுபத்தைந்து வயது முதுகு மடங்கியது. “அறுப்புக் கூலி அர மரக்கா கூட்டிக் குடுங்க ஆண்டே” என்றார். ஏலக்காரரின் கண் அப்பாவுக்கும் சுவருக்குமாகப் போய்ப் போய் வந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று என் தாள்கள் வரிசையாக அவர் எதிரே நடந்துகொண்டிருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா குனிந்தபடியே நின்றார். இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று பயந்து கையைக் கொடுக்கப் போனேன். தட்டிவிட்டார். மெல்ல நிமிர்ந்தார். கக்கத்திலிருந்து துண்டை உருவி உதறினார். பழைய பட்டாசுச் சத்தம் அவ்வளவு பலமாக வரவில்லை, ஆனால் வந்தது. தோளில் போட்டுக்கொண்டு ஏலக்காரரை நேருக்கு நேர் பார்த்தார். மண்டபத்தில் அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நீலத் தலைமுடிப் பெண் வாயில் விரல் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், எங்கள் களத்திலேயே அப்படி ஒரு விசில் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே சுவரைக் காட்டினார். “மொதப் பாதி இருக்கு. மீதி எங்க தம்பி?”

ஏலக்காரர் தடுமாறினார். “அவ்வளவுதாங்க ஐயா. அந்த ஷாட் அதோட முடிஞ்சிடுது.”

அப்பாவின் முகம் அன்றைக்குச் சோற்றில் கை கழுவியபோது இருந்த மாதிரி ஆயிற்று. ஆனால் நான் இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்த பெண் இல்லை. தாளைப் புரட்டிப் புரட்டியே இந்த விரல்கள் காய்த்தவை. குனிகிற தாளைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினால் ஆள் நிமிர்வான். தினம் நூறு தடவை அப்படிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

“மீதியும் இதுக்குள்ளதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளிப்புகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

“மேடம், மேடம், கிளவுஸ் போடாம தொடாதீங்க!”

“இத்தன வருஷம் கழிச்சு என் தாள நான் தொடுறேன், கிளவுஸா?”

“ஆர்டர் மாத்தக் கூடாது மேடம். ஓரத்துல நம்பர் இருக்கு பாருங்க.”

“நடுவுல இருக்க அஞ்சுக்கும் நம்பர் போட்டது நான்.”

ஏழாம் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதை வரைந்தது நானல்ல, அவர் கையிலேயே இருக்கட்டும். முதல் தாளும் நான் வரைந்ததில்லைதான். ஆனால் அதில் அவன் நிமிர்ந்து நிற்கிறான், எனவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆறை முதலில் மாட்டினேன். பிறகு ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, கடைசியில் ஒன்று. இடமிருந்து வலமாகப் பார்த்தால், கக்கத்தில் துண்டோடு குனிந்து நிற்பவன் மெல்ல மெல்ல நிமிர்கிறான். துண்டு கக்கத்திலிருந்து வழிந்து ஏறுகிறது. கை அதைத் தோளில் சேர்த்துவிட்டு இறங்குகிறது. கடைசித் தாளில் வரப்பின்மேல் அவன் நேராக நிற்கிறான்.

அப்பா மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை எங்கும் நிற்காமல் நடந்தபடியே பார்த்தார். கடைசித் தாளுக்கு வந்ததும் தன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“இப்ப எல்லாரும் பாப்பாங்கல்ல?” என்று கேட்டார்.

“பாப்பாங்கப்பா. லைட்ட யாரும் அணைக்க முடியாது.”

ஏலக்காரர் கையுறையைக் கழற்றி ஒரு பேனாவை என்னிடம் நீட்டினார். “நீங்களே எழுதுங்க மேடம்” என்றார். சீட்டில் இருந்த சிரிக்கிற முகத்தை அடித்தேன். ‘தெரியவில்லை’ என்பதை அடித்துவிட்டு என் பெயரையும் எங்கள் ஊர்ப் பெயரையும் எழுதினேன். ‘பிழை’ என்ற சொல்லின்மேல் பேனாவை வைத்தபோது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அத அடிக்காத. பிழதான். யாரு பிழன்னு சேத்து எழுது.”

துண்டைக் கக்கத்தில் இறக்க வைத்தவர்களிலிருந்து விளக்கை அணைத்தவர் வரைக்கும் எழுதப் பார்த்தேன். அந்தச் சின்னச் சீட்டில் இடம் போதவில்லை. அப்பாவை நீலத் தலைமுடிப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். அத்தனையையும் பத்தடிக்கு நாலடி ஃப்ளெக்ஸில் அடித்துக் கொண்டுவந்து வாசலில் என் கையாலேயே கட்டினேன்.